உண்டியலின் வாய்

திருப்போரூர் கந்தசுவாமி கோயிலில் 2024 டிசம்பர் மாதம் உண்டியலைத் திறந்து காணிக்கையை எண்ணியபோது, நோட்டுகளுக்கும் நாணயங்களுக்கும் நடுவே ஓர் ஐபோன் கிடந்தது. சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுக்கும்போது தவறி விழுந்துவிட்டது என்று அதற்குரிய பக்தர் முன்னமே கோயில் நிர்வாகத்திடம் முறையிட்டிருந்தார். ஆயினும், உண்டியலில் விழுந்த பொருள் எதுவாயினும் அது கோயிலுக்கே உரியது, அதை மறுபடி உடையவரிடம் ஒப்படைப்பதற்கில்லை என்று 1975-ஆம் ஆண்டின் உண்டியல் விதிகள் கூறுவதால், போனில் உள்ள தகவல்களை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், போனைத் தர இயலாது என்று அலுவலர்கள் சொல்லிவிட்டார்கள். விஷயம் பத்திரிகைகளில் வந்து, அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு வரை போய், சட்டத்தில் இதற்கு ஏதேனும் இடம் உண்டா என்று துறை அதிகாரிகளுடன் ஆராய்ந்து பார்க்கிறோம் என்று அவர் பதில் சொல்லும்படி ஆயிற்று.

அந்த விவகாரத்தில் எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. சிறு வயது முதல் எத்தனையோ கிருத்திகைகளில் அந்த உண்டியலில் காசு போட்டிருந்தும், அதன் வாயை நான் உற்றுப் பார்த்தது அந்த வாரத்தில்தான் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். போடுகிறவர் யார், அவருடைய சுபாவம் என்ன, அவரை நம்பலாமா என்ற கேள்வியை அந்த வாய் யாரிடமும் கேட்பதில்லை. போடுவதற்கு மட்டும் வழிவிட்டு, எடுப்பதற்கு வழியே இல்லாமல் அது அமைந்திருக்கிறது. எடுப்பதற்கென்று வேறொரு நாள், வேறு பூட்டு, முத்திரை, துறையின் அதிகாரிகள், சாட்சிகள், கணக்கு என்று தனி ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாட்டிலும், எண்ணும் மேஜையருகே நிற்கும் அலுவலருக்கு, நடந்தது தவறுதான் என்று கண்கூடாகத் தெரிந்தபோதும், அதைத் திருத்தும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. அந்த அதிகாரம் அவரைவிட மேலான வேறோர் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. 2023-இல் பழனியில் ஒரு பெண்மணியின் தங்கச் சங்கிலி இவ்வாறே உண்டியலில் விழுந்தபோது, அறங்காவலர் குழுத் தலைவர் தம் சொந்தச் செலவில் வேறொரு சங்கிலி செய்து கொடுத்தார் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. பரிகாரம் கிடைத்தது, ஆனால் உண்டியலின் விதியை உடைத்துக் கிடைக்கவில்லை.

இதை நான் இவ்வளவு யோசித்ததற்குக் காரணம், அதே சமயத்தில் என் தொழிலில் எனக்கு நேர்ந்த ஓர் அனுபவம். ஓ.எம்.ஆர். சாலையில், சிறு வியாபாரிகளும் விநியோகஸ்தர்களும் பில் போடுவதற்கான மென்பொருளைத் தயாரிக்கும் ஒரு சிறிய ஸ்தாபனத்தில் நான் வேலை செய்கிறேன். செயற்கை நுண்ணறிவு ‘ஏஜென்ட்’ என்று இப்போது எல்லாரும் சொல்லுகிறார்களே, அதை எங்கள் மென்பொருளோடு இணைக்கும் பணி என்னிடம் வந்தது. இந்தக் கட்டுரையில் அதைக் காரியஸ்தர் என்றே அழைக்கப் போகிறேன். ஏனெனில், கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நில்லாமல், ஒருவர் சார்பாக, அவருடைய சொத்தில், அவர் பக்கத்தில் இல்லாதபோதும் காரியத்தை நடத்தி முடிக்கிற ஒருவருக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அதுதான். அந்தப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், அவருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுத்தோம் என்ற கேள்வியும் கூடவே எழுந்துவிடுகிறது.

நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வாடிக்கையாளருக்கு வரும் மின்னஞ்சல்களைப் படித்துப் பதிலுக்கு ஒரு வரைவு எழுதுவதுதான் காரியஸ்தருக்கு நாங்கள் நினைத்திருந்த வேலை. ஆனால் அவசரத்தில், எங்கள் சர்வர்களே தமக்குள் உபயோகிக்கும் ஒரு சாவியை, அதாவது எல்லா வாடிக்கையாளரின் எல்லாப் பில்களையும் படிக்கவும் எழுதவும் திருத்தவும் ரத்து செய்யவும் வல்ல ஒரே சாவியை, அதன் கையில் கொடுத்துவிட்டோம். செங்கல்பட்டில் உள்ள ஒரு விநியோகஸ்தருக்கு அவரிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒருவர், “இன்னிக்குப் போட்ட பில்லையெல்லாம் கேன்சல் பண்ணிட்டு ஒரே பில்லாப் போட்டு அனுப்புங்க” என்று ஒரு மாலையில் எழுதினார். அவர் சொன்னது தம்முடைய மூன்று பில்களை. காரியஸ்தர் ‘எல்லாம்’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, மற்றக் கடைக்காரர்களுடையதையும் சேர்த்து, அன்றைய 9 பில்களையும் ரத்து செய்துவிட்டது.

பில் ரத்து என்பது ஒரு கோடு போட்டு அடிப்பது அல்ல என்பதை இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல், மற்ற வியாபாரிகளுக்கு எழுதும் ஒவ்வொரு பில்லையும் ஜி.எஸ்.டி. பதிவுத் தளத்தில் பதிந்து, ஐ.ஆர்.என். என்னும் எண்ணைப் பெற வேண்டும். பதிந்த பில்லை 24 மணி நேரத்துக்குள் மட்டுமே அங்கே ரத்து செய்யலாம். அதற்குப் பின் கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். ஒரு முறை ரத்தான பில் எண்ணை மறுபடி பதியவும் முடியாது. ஆகவே அந்த 9 எண்களும் அன்றோடு முடிந்துபோயின. விநியோகஸ்தரின் கணக்காளரான அம்மையார் நள்ளிரவு வரை உட்கார்ந்து, மற்ற ஆறு பில்களுக்குரிய கடைக்காரர்களுக்கும் புதிய எண்ணில் பில் போட்டு, ஒவ்வொருவருக்கும் போன் செய்து சமாதானம் சொன்னார்.

மறுநாள் காலையில் அவர் என்னிடம் கேட்டதை நான் மறக்கவில்லை. “சார், நான் கேன்சல் பண்ணலை, எங்க முதலாளியும் பண்ணலை. லாக்ல யார் பேர் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். பார்த்தேன். லாக் என்னும் செயற்பதிவேட்டில் இருந்தது எங்கள் சர்வரின் பெயர். அவர் பெயர் இல்லை. கடிதம் எழுதிய கடைக்காரரின் பெயர் இல்லை. எந்த மனிதரின் பெயரும் இல்லை. ஒரு வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் காரியம் நடந்திருக்கிறது, செய்தவர் என்று சுட்ட ஆளே இல்லை என்று ஒரு கணக்காளரிடம் சொல்ல நேர்ந்தபோது எனக்கு உண்டான வெட்கம், அந்த 9 பில்களினால் உண்டான வெட்கத்தைவிடப் பெரிது.

கடிதம் எழுதியவர் வஞ்சகர் அல்லர். காரியஸ்தரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. குற்றம் சாவியில் இருந்தது. இது புதிய வியாதியும் அன்று. நார்ம் ஹார்டி என்னும் அமெரிக்க அறிஞர் 1988-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், இதே வியாதி கண்ட ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் நேரத்தை வாடகைக்கு விடும் ஒரு ஸ்தாபனத்தில், கம்பைலர் என்ற நிரல், நிரல்மொழியின் அம்சங்கள் எவ்வாறு உபயோகமாகின்றன என்ற புள்ளிவிவரத்தை எழுதிவைப்பதற்காக, ஒரு பொதுக் கோப்பறையில் எழுதும் அனுமதி பெற்றிருந்தது. கட்டணக் கணக்கும் அதே அறையில்தான் இருந்தது. உபயோகிப்பவர் ஒருவர், பிழைதிருத்தத் தகவல்களை எழுத வேண்டிய கோப்பின் பெயராக அந்தக் கட்டணக் கோப்பின் பெயரைக் கொடுக்க, கம்பைலரும் தனக்குள்ள அனுமதியைக் கொண்டு அதன்மேல் எழுதிக் கணக்கையே அழித்துவிட்டது. தன் சொந்த அதிகாரம் எது, தன்னை ஏவியவரின் அதிகாரம் எது என்று பிரித்தறிய முடியாமல் குழம்பிய அந்த நிரலைக் குழம்பிய பிரதிநிதி என்று அவர் அழைத்தார். எங்கள் காரியஸ்தரோ அதைவிட அதிகமாகக் குழம்பக்கூடியது. அதற்குப் படிக்கக் கொடுத்த கடிதமும், அது பின்பற்ற வேண்டிய ஆணையும், ஒரே எழுத்துப் பிரவாகமாகவே அதனிடம் போய்ச் சேருகின்றன. கடைக்காரரின் கோரிக்கை செய்தியா ஆணையா என்று நிச்சயமாகப் பிரித்துச் சொல்லும் திறன், காரியஸ்தரை இயக்கும் இன்றைய மொழி மாதிரிகளுக்கு இல்லை. இந்தப் பலவீனத்துக்கு 2022-இல் சைமன் வில்லிசன் என்னும் மென்பொருள் வல்லுநர் ஒரு பெயர் வைத்தார். பெயர் வைத்து இத்தனை வருஷமாகியும் முழு மருந்து கிடைக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் முதலில் எழுந்த யோசனை, காரியஸ்தருக்குக் கொடுக்கும் அறிவுரையில் ‘உத்தரவின்றி எதையும் ரத்து செய்யாதே’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவோம் என்பதாக இருந்தது. நான் அதை வன்மையாக மறுத்தேன். உண்டியலின்மேல் ‘எடுக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டிவிட்டு, வாயை அகலமாகத் திறந்து வைப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? 2025 ஜூலையில் அமெரிக்காவில், ரெப்ளிட் என்னும் தளத்தின் காரியஸ்தர், எந்த மாற்றமும் செய்யாதே என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்த வேளையிலேயே, ஒரு வாடிக்கையாளரின் நேரடி உபயோகத்தில் இருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. அதற்காக வருத்தம் தெரிவித்த அந்த ஸ்தாபனம் செய்த பரிகாரங்களில் முக்கியமானது, பரிசோதனைத் தரவையும் உண்மைத் தரவையும் தனித்தனியே பிரித்து வைப்பது. ஆணை காக்காததைச் சுவர் காக்கும் என்பதை அவர்கள் பெருவிலை கொடுத்துக் கற்றார்கள். நாங்கள் 9 பில்களோடு கற்றோம்.

காரியஸ்தர்களும் மென்பொருள்களும் பேசிக்கொள்வதற்கு இப்போது ஒரு பொது முறை ஏற்பட்டிருக்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் ஸ்தாபனம் வெளியிட்ட அந்த முறைக்கு மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்.சி.பி., என்று பெயர். ஒரு மென்பொருள் தான் செய்து தரக்கூடிய காரியங்களை ‘டூல்’ என்ற பெயரில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் என்ன செய்யும், எந்தெந்த விவரங்களை எந்த வடிவில் கேட்கும் என்று முன்கூட்டியே பிரகடனம் செய்கிறது; காரியஸ்தர் அந்தப் பட்டியலில் உள்ளதைத்தான் அழைக்க முடியும். எங்கள் திருப்போரூரிலிருந்து நெல்லிக்குப்பம் சாலை வழியே மேற்கே போனால் வரும் கூடுவாஞ்சேரியில் இருக்கிற ஸோஹோ ஸ்தாபனம், 130 கோடி, 260 கோடி, 700 கோடி அளவுருக்கள் கொண்ட தன் சொந்த மொழி மாதிரிகளை 2025 ஜூலையில் அறிவித்தபோது, தன் செயலிகளின் காரியங்களை இம்முறையில் வெளிக்காரியஸ்தர்களுக்குத் திறந்துவிடும் சர்வரையும் கூடவே அறிவித்தது. தன்னிடம் உருவாக்கப்படும் காரியஸ்தர்கள் ஓர் ஊழியருக்குரிய அனுமதி வரம்புகளுக்குள்ளேதான் இயங்கும் என்றும் கூறியது. நம் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து அத்தகைய வார்த்தை வந்ததில் எனக்குப் பெருமைதான்.

ஆயினும் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தது பெங்களூரில் உள்ள பங்குத் தரகு ஸ்தாபனமான ஸெரோதா செய்த ஒரு தீர்மானம். அவர்கள் தங்கள் கைட் செயலிக்கு எம்.சி.பி. சர்வர் ஒன்றை 2025-இல் வெளியிட்டார்கள். தங்கள் இடத்திலேயே நடத்தி எல்லாருக்கும் திறந்துவைத்த அந்தச் சர்வரில், கையிருப்பைப் பார்க்கலாம், விலையைக் கேட்கலாம். பங்கை வாங்கவும் விற்கவும் உரிய டூல்களை மட்டும் வேண்டுமென்றே நீக்கி வைத்தார்கள். அந்த டூல்களை எழுதத் தெரியாமல் அல்ல. அவை நிரலில் இருக்கின்றன. எதைத் திறப்பது என்பதைப் போலவே எதைத் திறக்காமல் விடுவது என்பதும் தயாரிப்பவரின் கடமை என்று அவர்கள் கருதியதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பட்டியல் ஒன்று இருந்துவிட்டால் காவல் வந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. டூல் தன்னைப் பற்றி ‘நான் படிப்பதற்கு மட்டுமே’ என்று குறிப்பு எழுதிக்கொள்ள எம்.சி.பி. இடம் தருகிறது, அந்தக் குறிப்பு நம்பத் தகுந்த சர்வரிலிருந்து வந்தாலன்றி அதை நம்பாதே என்று அதே முறை எச்சரிக்கவும் செய்கிறது. வாயின் வடிவத்தை நாம்தான் செதுக்க வேண்டும்.

நாங்கள் செதுக்கியதைச் சொல்கிறேன். பழைய சாவியை அன்றே முறித்தோம். எங்கள் மென்பொருளுக்குள் முந்நூறுக்கு மேற்பட்ட செயல்கள் உண்டு. அவை அத்தனையையும் டூலாக்கிவிடும் கருவிகளும் கடைத்தெருவில் கிடைக்கின்றன. அந்த வழியை விட்டு, கணக்காளர் ஒருவர் தம் உதவியாளரிடம் வாயால் சொல்லக்கூடிய வேலைகள் எவை என்று யோசித்து, பதினொன்றை மட்டும் வெளியே வைத்தோம். ‘பில் அட்டவணையைத் திருத்து’ என்று ஒரு டூல் கிடையாது. ‘பில்லைக் காட்டு’, ‘பாக்கியைச் சொல்’, ‘ரத்துக்கு முன்மொழி’ என்று உண்டு. முன்மொழிவதற்குத்தான் காரியஸ்தருக்கு வாய் இருக்கிறது. ரத்து செய்யும் செயல் பட்டியலிலேயே இல்லாததால், எந்தக் கடைக்காரரின் எந்தச் சொல்லும் அதை அதன் கையில் கொண்டுவந்து தர முடியாது. முன்மொழிவு கணக்காளரின் போனில் போய் நிற்கும். எந்தப் பில், யாருடையது, எவ்வளவு தொகை, எந்தக் கடிதத்தின் எந்த வரியைப் படித்து இந்த யோசனை எழுந்தது என்பவை எல்லாம் அதில் இருக்கும். அவர் விரல் பட்டால்தான் காரியம் நடக்கும்.

இன்னொரு மாற்றம் பார்வைக்கு அற்பமானது. என் அபிப்பிராயத்தில் இதுவே பிரதானம். முன்பு ஒவ்வொரு அழைப்பிலும் ‘எந்த வியாபாரியின் கணக்கு’ என்பதைக் காரியஸ்தரே நிரப்பி அனுப்பும்படி வைத்திருந்தோம். அது நாளைக்கு ஒரு கடிதத்தில் கண்ட வேறொரு வியாபாரியின் எண்ணை நிரப்பினால், எங்கள் சர்வர் அவருடைய பில்களையும் எடுத்துக் காட்டியிருக்கும். இப்போது அந்தக் கட்டமே டூலில் இல்லை. யாருடைய கணக்கு என்பதை, உள்ளே நுழையும்போது கணக்காளர் தம் கையால் கொடுத்த அனுமதிச் சீட்டிலிருந்து சர்வரே படித்துக்கொள்கிறது. ஹார்டியின் கம்பைலரைக் குழப்பியது வெளியாள் கொடுத்த ஒரு பெயர்தானே. அந்தப் பெயரைக் கேட்பதையே நிறுத்திவிட்டோம்.

அந்த அனுமதிச் சீட்டைப் பற்றி யோசிக்கையில் எனக்குத் துணை நின்றது எங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகம். ஓ.எம்.ஆரில் நிலத்தின் விலை ஏறத் தொடங்கிய நாள் முதல், பொது அதிகார ஆவணம் ஒன்றை யாருக்கோ எழுதிக்கொடுத்துவிட்டுப் பரிதவித்த குடும்பங்களை இந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிவார்கள். அனுபவமுள்ள பத்திர எழுத்தர் என்ன சொல்லுவார்? இன்ன சர்வே எண்ணில் இன்ன காரியத்துக்கு மட்டும் என்று தனி அதிகாரம் எழுதுங்கள் என்பார். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் முடிகிறது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. அதனால்தான் அந்த ஆவணத்தைக் கொண்டு கிரயம் எழுத வருகிறவரிடம், எழுதிக்கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கு மருத்துவரின் சான்றைக் கேட்கிறார்கள். எங்கள் சீட்டும் அவ்வாறே கணக்காளரின் பெயரில், குறிப்பிட்ட டூல்களுக்கு மட்டும், ஒரு மணி நேரத்துக்குச் செல்லும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்தக் கணமே செத்துவிடும். லாக்கில் இப்போது இரண்டு பெயர்கள் பதிவாகின்றன: காரியம் செய்த காரியஸ்தர், அது யார் சார்பாகச் செய்ததோ அவர்.

மற்றவை சில்லறை. ஒரே கோரிக்கை இரு முறை வந்தால் ஒரு முறைதான் நடக்கும். மணிக்கு இத்தனை அழைப்புக்கு மேல் வாய் மூடிக்கொள்ளும்.

சென்ற மாதம் அந்த அம்மையார் மறுபடி போன் செய்தார். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் விரல் வைப்பது மாதக் கடைசியில் பெரும் தொல்லையாக இருக்கிறது என்றும், “ஆயிரம் ரூபாய்க்குள்ள இருக்கற பில்லை அதுவே கேன்சல் பண்ணிக்கட்டும் சார், நான் பாத்துக்கறேன்” என்றும் சொன்னார். எனக்கு உடனே மறுக்கத் தோன்றியது. பிறகு, அவருடைய கணக்கில் அவர் யாருக்கு என்ன அதிகாரம் கொடுக்கலாம் என்று தீர்மானிக்க நான் யார் என்றும் தோன்றியது. 2024 ஆகஸ்டில் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் கொண்டுவந்த யு.பி.ஐ. சர்க்கிள் ஏற்பாடு நினைவுக்கு வந்தது. கணக்குடையவர் தம் வீட்டாரில் ஒருவருக்குத் தம் கணக்கிலிருந்து பணம் செலுத்தும் உரிமையைக் கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் தம் சம்மதம் பெற்றே செலுத்தும்படி கொடுக்கலாம், அல்லது ஒரு முறைக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 15,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள் அவரே செலுத்தும்படி விடலாம். வேண்டாத நாளில் பிடுங்கிக்கொள்ளலாம். மனிதருக்கு மனிதர் கொடுக்கும் அதிகாரத்துக்கே அளவும் மீட்கும் வழியும் வைத்திருக்கும்போது, அதே அச்சில் காரியஸ்தருக்கும் வார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஒரு பில் 1,000 ரூபாய்க்குள், ஒரு நாளைக்கு மூன்று பில், முப்பது நாளில் தானே காலாவதி. புதுப்பிக்க வேண்டுமானால் அவரே வந்து புதுப்பிக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை அதைத் திறந்துவிடுவதற்கு முன் அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். அதிகாரத்தைக் கொடுக்கும் பொத்தானை அழுத்துமுன் அதைப் பறிக்கும் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள் அம்மா என்றேன். பரிசோதனைக்கென்று வைத்திருந்த கணக்கில் அவர் அழுத்தினார். நான் இங்கிருந்து காரியஸ்தரை ஒரு பில்லை ரத்து செய்யச் சொன்னேன், சர்வர் மறுத்தது, மறுத்த செய்தியும், கேட்டவர் பெயரும், நேரமும் அவருடைய திரையில் வந்து நின்றன. அவர் அதைச் சற்று நேரம் படித்துக்கொண்டிருந்தார் போலும், மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், “சரி சார், இப்ப குடுக்கறேன்” என்றார்.